பழைய காரைப் பழுது பார்ப்பதா, கொடுத்துவிடுவதா: முடிவெடுக்கும் முறை

2022 வைகாசியில் திருச்செந்தூர் போய்விட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, செய்துங்கநல்லூரைத் தாண்டுவதற்குள் எங்கள் காரின் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. 2009இல் வாங்கிய பெட்ரோல் கார் அது. பின்னிருக்கையில் அம்மா இருந்தார்கள். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. பக்கத்துக் கடைக்காரர் அழைத்து வந்த மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும், நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்றார். தொலைபேசியில் பேசிய மைத்துனர், நாற்பதாயிரத்தை அதில் கொட்டுவதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடுவதே மேல் என்றார். அந்த நேரத்தில் இரண்டும் எனக்குச் சரியாகவே பட்டன. ஆனால் இரண்டுமே தவறு என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்தக் காரை அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஓட்டினோம். பிறகு வேறொரு காரணத்துக்காகக் கொடுத்தோம். வைத்துக்கொண்ட முடிவும் கொடுத்த முடிவும் எந்தக் கணக்கில் எடுக்கப்பட்டன என்பதை, இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

வண்டி நின்ற இடத்தில் நின்றுகொண்டு, நின்ற அன்றே எந்த முடிவும் எடுக்காதீர்கள். வெயில், களைப்பு, வீட்டாரின் முகம், வழிப்போக்கரின் யோசனை எல்லாம் சேர்ந்து அன்றைக்கு ஒரு கணக்கைப் போட வைக்கும். அந்தக் கணக்கு மறுநாள் காலையில் நிற்காது. இழுவை வண்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆனாலும், உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் சாலையோர உதவி சேர்த்து எடுத்திருந்தால் அந்தச் செலவும் மிச்சம். எஸ்டிமேட்டை வாய்ச்சொல்லாக வாங்காமல், சாமான் விலை தனியாகவும் கூலி தனியாகவும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். பெரிய தொகையாக இருந்தால் இன்னொரு பட்டறையிலும் ஒன்று வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக் கேட்காமலேயே எடுத்துக் காட்டுவார்.

முதலில் உடம்பைப் பார்ப்பது

பழுது என்றதும் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறோம். என் அனுபவத்தில் ஒரு பழைய காரின் ஆயுளை முடிவு செய்வது அதன் உடம்புதான். எஞ்சினைப் பிரித்துச் சீராக்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், ஏசியைப் புதிதாகப் போடலாம். ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டு, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, அந்தக் கூடே வண்டியின் எலும்பாக நிற்கிறது. அது உளுத்துப்போனால், புது எஞ்சின் போட்டும் பயனில்லை. மோதலின்போது உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டியதும் அந்தக் கூடுதான்.

ஆகவே எஞ்சின் எஸ்டிமேட்டைப் பார்ப்பதற்கு முன்னால், வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு: ரன்னிங் போர்டின் அடி விளிம்பு, அதில் ஜாக்கி கொடுக்கும் இடங்கள், முன்சக்கர லோயர் ஆர்மும் பின்சக்கர ஆக்சிலும் உடம்போடு சேரும் போல்ட்டுகளைச் சுற்றிய தகடு, பானட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பதிந்திருக்கும் குமிழ், ஸ்டெப்னி டயர் கிடக்கும் பள்ளம், பிரேக் ஆயில் ஓடும் இரும்புக் குழாய்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகட்டை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு சாக்கைத் தட்டியது போல ஓசையின்றி அமுங்கும். அமுங்கிய இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வண்டிக்குள் வந்து, ஓட்டுநர் காலடியில் இருக்கும் ரப்பர் விரிப்பை மட்டுமின்றி அதன் கீழே ஒட்டியிருக்கும் கார்பெட்டையும் ஓரத்திலிருந்து தூக்கிப் பாருங்கள். கையில் ஈரம் தட்டினால், கதவு ரப்பரோ கண்ணாடி ஓரமோ ஒழுகி, தண்ணீர் பல மழைக்காலமாக அங்கேயே தங்கியிருக்கிறது என்று பொருள். எங்கள் காரில் அந்த இடத்தில் கைவிரலைத் தேய்த்தபோது காவிப்பொடி போலத் துரு ஒட்டிக்கொண்டு வந்தது. தகடு மட்டும் உறுதியாக இருந்ததால் அந்த முறை தப்பித்தோம்.

நம் பக்கத்தில் இந்தச் சோதனைக்கு அவசியம் கூடுதல். உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், கூடங்குளம் என்று கடற்கரையை ஒட்டிய ஊர்களில் நிற்கும் வண்டிகள் உப்புக்காற்றை ஆண்டு முழுவதும் வாங்குகின்றன. மேற்கே தென்காசி, கடையம், பாபநாசம் பக்கத்து வண்டிகளுக்குச் சாரல்காலத்து ஈரம் உண்டென்றாலும் உப்பு இல்லை. ஒரே ஆண்டில் வாங்கிய ஒரே மாடல் கார்கள் இரண்டு, ஒன்று அம்பாசமுத்திரத்திலும் ஒன்று உவரியிலும் வளர்ந்தால், பத்து ஆண்டுக்குப் பின் அவற்றின் அடிப்பாகம் இரண்டையும் ஒன்றாகக் கருத முடியாது. கடற்கரைக்குப் போய் வந்தால் மறுநாளே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது, வைத்துக்கொள்ள நினைக்கும் எந்தக் காருக்கும் செய்ய வேண்டிய மலிவான வைத்தியம்.

2023 டிசம்பர் 17, 18 மழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி நின்ற வண்டி வெளிப்பார்வைக்குக் கழுவித் துடைத்தபடி இருக்கலாம். ஆனால் சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களின் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சைபோலக் களிம்பு ஏறி, இன்று பவர் விண்டோ, நாளை ஏர்பேக் விளக்கு, அடுத்த மாதம் ஸ்டார்ட் ஆகாமை என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். தண்ணீர் சீட்டு உயரத்துக்கு ஏறிய பழைய காரில் மின்கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், அதைத் துரத்திக்கொண்டு செலவழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இனி எப்போதாவது வண்டி தண்ணீரில் மூழ்கினால், எக்காரணம் கொண்டும் அதை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது காற்றைப் போல அமுங்காது. சாவியைத் திருப்பிய ஒரு நொடியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே மாற்றும் வேலையாகிவிடும்.

துரு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. கதவின் கீழ்விளிம்பு, டிக்கி மூடி, மட்கார்டு போன்ற வெளித்தகடுகளில் உள்ள துருவை டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துவிடுவார். தரைத் தகட்டில் உள்ளங்கையளவு ஓட்டை இருந்தாலும் ஒழுங்காகப் பற்றவைத்து, துருத்தடுப்புப் பூசி, இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். ஆனால் சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பிடித்திருக்கும் இடத்தில் தகடு கரைந்திருந்தாலோ, ரன்னிங் போர்டு நெடுகிலும் ஸ்க்ரூ டிரைவர் இறங்கினாலோ, அதற்கு மேல் எஸ்டிமேட்டைப் படிக்க வேண்டியதில்லை. அந்தக் கார் போகட்டும். புட்டி அடித்துப் பெயின்ட் பூசி மறைத்துத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாற்கரச் சாலையில் போகும் வண்டியில் அந்த வேலையை அனுமதிக்காதீர்கள்.

எஞ்சினைச் சோதிப்பது

உடம்பு தேறிவிட்டால் எஞ்சினுக்கு வரலாம். செய்துங்கநல்லூரில் நின்ற எங்கள் காரை மறுநாள் எங்கள் மெக்கானிக் பார்த்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே படிந்திருந்த வெள்ளைக் காரையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "அண்ணாச்சி, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் சரியில்ல. போர் தண்ணிய இப்படி வருசக்கணக்கா ஊத்துனா எந்த வண்டியும் சுடத்தான் செய்யும்" என்றார். ரேடியேட்டர், எஞ்சின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ்கள், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாயில் வேலை முடிந்தது. ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி வட்டாரத்தின் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பது நமக்குத் தெரியும். அதைக் குடிக்க மாட்டோம், ஆனால் ரேடியேட்டரில் ஊற்றிவிடுகிறோம். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். வெயில் ஊர் என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமலேயே ஓடி, பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்து, தேய்மானத்தையும் கூட்டிக்கொள்ளும்.

எஞ்சின் உண்மையிலேயே தளர்ந்திருக்கிறதா என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது வேறொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்த புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை அடர்த்தியாக வந்துகொண்டே இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். காப்பியில் பால் கலந்த நிறத்தில் குழம்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கலாம். இவற்றில் கறுப்புப் புகை பெரும்பாலும் சிறு செலவில் தீர்வது. மற்றவை ஆழமான வேலையைக் கேட்பவை.

பிரிப்பதற்குச் சம்மதிப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மீட்டரைத் திருகி, ஸ்டார்ட்டரைச் சில நொடி சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரிந்துவிடும். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் அங்கே கோளாறு இருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி அளந்து பார்ப்பார்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ காரணம். அரைமணி நேரத்து வேலையான இந்தச் சோதனையைச் செய்யாமல் எஞ்சினை இறக்க வேண்டும் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஹெட்டை மட்டும் கழற்றி, லேத்தில் மட்டம் பார்த்து, புதுக் கேஸ்கெட் போட்டுத் தீரும் கோளாறு வேறு. பிளாக்கின் சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றும் வேலை வேறு. முன்னது பழைய காருக்குச் செய்யத் தக்கது. பின்னதை, உடம்பு நன்றாக இருந்து, அடுத்து ஐந்தாண்டாவது ஓட்டுவோம் என்ற உறுதி இருந்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதுவது

எஸ்டிமேட்டில் கடைசியாகப் போட்டிருக்கும் கூட்டுத்தொகையையும் காரின் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் பொதுவான வழக்கம். ‘தொண்ணூறாயிரம் பெறும் வண்டிக்கு ஐம்பதாயிரம் செலவா’ என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அந்த ஒப்பீடு, காரை நாளையே விற்கப் போகிறவருக்குப் பொருந்தும். ஓட்டப் போகிறவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பணம் இன்னும் எத்தனை மாத நம்பிக்கையான ஓட்டத்தை வாங்கித் தருகிறது என்பதே.

அதற்காக எஸ்டிமேட்டில் உள்ளவற்றை மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர் போன்றவை எந்தக் காரிலும் தேய்ந்து தீர்பவை. நாளைக்கு வாங்கப் போகும் காரும் அவற்றைக் கேட்கும். ஆகவே அவற்றைப் பழைய காரின் குற்றமாகச் சேர்க்கக் கூடாது. அடுத்தது நாமே தள்ளிப்போட்டு வைத்த வேலைகள்: காலம் கடந்த டைமிங் பெல்ட், கறுத்துப்போன பிரேக் ஆயில், தேய்ந்த புஷ்கள், வெடித்த எஞ்சின் மவுண்ட். இவற்றை ஒரு முறை செய்துவிட்டால் நெடுநாள் திரும்பி வாரா. மூன்றாவது, ஒருமுறை செய்தும் மீண்டும் வருபவை, அல்லது ஒன்றைச் சரிசெய்தால் அடுத்ததைக் காட்டிக்கொடுப்பவை: கூடு முழுக்கப் பரவிய துரு, வெள்ளத்தில் நனைந்த ஒயரிங், சாமான் கிடைக்காத கியர்பாக்ஸ். எஸ்டிமேட்டின் பெரும்பகுதி முதலிரண்டில் விழுந்தால் செலவு செய்யுங்கள். மூன்றாவதில் விழுந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். தொகை பத்தாயிரமாக இருந்தாலும் அப்படித்தான்.

டயரையும் பிரேக்கையும் மேலும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பல பழைய கார்கள் கல்யாணம், கோவில், ஆஸ்பத்திரி என்று மாதம் நாலைந்து நாள் மட்டுமே ஓடுகின்றன. அதனால் டயர் தேயாமலேயே வெயிலில் கெட்டிப்பட்டுப் பக்கவாட்டில் வெடித்துப்போகிறது. பட்டன் ஆழமாகத்தான் இருக்கிறது என்று நாமும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் கொண்ட ஒரு குறி இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். அதைப் படித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரமேறிய ஆயில், காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கு இறங்குவது போன்ற நெடிய இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது கொதித்து, மிதி பஞ்சுபோல உள்ளே போய்விடும். வண்டியை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் முதல் செலவு பிரேக்குக்கும் டயருக்கும் போகட்டும். ஏசியும் பெயின்ட்டும் அதற்குப் பிறகு.

இனிக் கணக்கு. கடந்த இரண்டு ஆண்டில் இந்தக் காருக்கு ஆன செலவு முழுவதையும், பெட்ரோலை மட்டும் விட்டுவிட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். பில் இல்லாததை வங்கிக் கணக்கிலும் ஜிபேயிலும் தேடி எடுத்துவிடலாம். அதை முன்னால் வைத்துக்கொண்டு, இப்போதைய எஸ்டிமேட்டையும், அடுத்த இரண்டு ஆண்டில் மெக்கானிக் எதிர்பார்க்கும் வேலைகளையும் கூட்டி, 24ஆல் வகுத்து மாதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். உதாரணமாக, இப்போது 45,000 ரூபாயும் அடுத்து வருவது 30,000 ரூபாயும் என்றால் மாதம் 3,125 ரூபாய். இதற்கு எதிர்ப்பக்கத்தில், மாற்றுக் காருக்கு ஐந்து லட்சம் கடன் வாங்கினால், பத்து விழுக்காடு வட்டியில் அறுபது மாதத் தவணை ஏறக்குறைய 10,620 ரூபாய் வரும். இன்ஷூரன்ஸ் தொகையும் கூடும். வெறும் எண்ணில் பழைய கார்தான் பெரும்பாலும் வெல்லும். அதனால்தான் எண்ணோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

உங்கள் வீட்டில் டயாலிசிஸுக்கோ கர்ப்பகாலப் பரிசோதனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் குறித்த நாளில் போய்த் தீர வேண்டியவர் இருந்தால், நடுவழியில் நிற்கும் ஒரே ஒரு முறைகூட அந்த மாதச் சேமிப்பையெல்லாம் விழுங்கிவிடும். அன்றாடம் வள்ளியூரிலிருந்து நெல்லைக்கு நாற்கரச் சாலையில் வேலைக்குப் போகிறவரின் நிலையும் வேறு. 2019 ஏப்ரலிலிருந்துதான் விற்பனையாகும் எல்லாக் கார்களிலும், அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலையில்தான் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் பல இவை இரண்டும் இல்லாதவை. வேகமாக ஓட வேண்டிய சாலையில் தினமும் போகிறவருக்கு அது பணத்தால் ஈடுகட்ட முடியாத குறை. அவர் மாற்றிக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன். உள்ளூருக்குள் கடைகண்ணிக்கும் வயலுக்கும் போய் வருபவர், உடம்பு திடமான காரைத் தாராளமாக இன்னும் ஓட்டலாம். வேறு சிலருக்கு மூன்றாவது வழியும் உண்டு. ஆண்டுக்கு ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, தேவைப்படும் நாளில் வாடகைக் கார் பிடிப்பது மலிவாக இருக்குமா என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

சாமான் கிடைப்பதையும் இப்போதே விசாரியுங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றது. இருந்தும் அதன் சாமான் இன்றும் சிறு ஊரில்கூடக் கிடைக்கிறது. எண்ணிக்கையில் குறைவாக விற்று, நிறுவனமும் இங்கே விற்பனையை நிறுத்திக்கொண்ட மாடல்களுக்கு ஒரு ஹெட்லைட்டுக்கோ சென்சாருக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்கும் நாள்களையும் செலவாகவே எண்ண வேண்டும். பம்புகளில் இப்போது வரும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் போன்றவற்றை முன்கூட்டியே மாற்ற வைக்கக்கூடும் என்பதால், வைத்துக்கொள்ளும் காரில் எரிபொருள் குழாய்களை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகக் காரையே விற்க வேண்டியதில்லை.

ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும்

பதினைந்து ஆண்டு முடிந்த கார் ஓடவே கூடாது என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அந்த அச்சத்தைப் பயன்படுத்திப் புரோக்கர்கள் விலையையும் அடிக்கிறார்கள். பெட்ரோலுக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கும் வந்தது. இங்கே, சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் படிவம் 25. காலாவதிக்கு முந்தைய அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். பசுமை வரியும் உண்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் போகும் வாரத்தில் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டான காருக்குப் பெரிய வேலை பார்ப்பதாக இருந்தால், இந்தத் தொகையையும், எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்காகச் செய்ய வேண்டிய விளக்கு, டயர், பெயின்ட் வேலைகளையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

விபத்தினால் வந்த பழுது என்றால் இன்ஷூரன்ஸ் வேறு கணக்கு வைத்திருக்கிறது. பாலிசியில் ஐடிவி என்று, காரின் மதிப்பாகப் போட்டிருக்கும் தொகையில் 75 விழுக்காட்டைப் பழுதுச்செலவு தாண்டினால், அதை முழுச்சேதமாகக் கொள்வார்கள். ஐடிவி 80,000 ரூபாய் என்றால் எல்லை 60,000 ரூபாய். கிளைம் செய்யாமல் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. காரைக் கொடுக்கும்போது அதற்கான கடிதத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால் அடுத்த காரில் பயன்படும்.

கொடுப்பதென்று முடிவானால்

ஓடும் நிலையில் உள்ள காருக்கு வாங்குபவர் இருப்பார். அவரிடம் உள்ள குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள். அவரும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டுதான் போகப்போகிறார். நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. பெயர் மாறும்வரை சட்டத்தின் பார்வையில் நீங்களே உரிமையாளர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் 29இல் விற்றதை அறிவிப்பதற்கு, மாநிலத்துக்குள் என்றால், பதினான்கு நாள் அவகாசம். படிவம் 30 பெயர் மாற்றத்துக்கு உரியது. ஆர்.சி.யில் பழைய கடன் குறிப்பு இருந்தால், வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து அதை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

ஓடத் தகாத காரைப் பழைய இரும்புக்கடைக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். சேஸிஸ் எண்ணும் நம்பர் பிளேட்டும் வேறொரு வண்டிக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது. பதிவும் உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் 2021 விதிகளின்படி இயங்குகின்றன. அங்கே கொடுத்தால் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட் என்ற சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புதுக் காரின் பதிவுக் கட்டணம் தள்ளுபடியாகும். சாலை வரியிலும், மாநில அரசு அறிவிக்கும் அளவுக்கு, 25 விழுக்காடு வரை சலுகை கிடைக்க விதியில் இடமுண்டு.

அப்பா வாங்கிய கார், பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த கார் என்பதற்காக வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களும் உண்டு. அது நியாயமான விருப்பம்தான். அதற்கு ஆகும் செலவைப் போக்குவரத்துச் செலவோடு கலக்காமல் தனியே எழுதிக்கொள்ளுங்கள். கூடு உளுத்த காரை நினைவாகக் கொட்டகையில் வைத்திருக்கலாம், சாலைக்கு மட்டும் எடுக்க வேண்டாம்.

எங்கள் காரின் பதிவு 2024இல் முடிந்தது. எஃப்.சி.க்கு முன்பாக லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது எஞ்சின் குறைசொல்ல முடியாதபடி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பின் ஆக்சிலின் இடப்பக்க பிராக்கெட்டைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முக்கால் அங்குலம் இறங்கியது. மெக்கானிக் என்னைப் பார்த்தார், நானும் தலையசைத்தேன். உடைப்பு நிலையத்துக்கு அனுப்பிய அன்று காலையில் டேஷ்போர்டிலிருந்த திருச்செந்தூர் இலை விபூதியை அம்மா எடுத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியிலிருந்த ஃபாஸ்டேக்கை உரித்து, அதன் கணக்கை மூடி, மீதிப் பணம் வங்கிக்குத் திரும்பியதா என்று பார்த்துவிட்டு, சான்றிதழின் நகலைப் பழைய ஆர்.சி. நகலோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.